நாலரைக் கட்டையில் என்னைப் பாட வைத்தவர்களுக்கு

அன்பு மிக்க நாடக உறவுகளுக்கும், ஊர் ஊராக எனக்காக வேண்டிக்கொண்ட ரசிகப் பெருமக்களுக்கும் வணக்கம்.

சென்ற சித்திரையில் தொண்டை நோயால் எனக்கு நேர்ந்தது என்னவென்று மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி வட்டாரத்து நாடகக்காரர்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை மறுபடி விரித்துரைக்க எனக்கு மனமில்லை. உங்களுக்கும் அது தேவைப்படாது. நான் மீண்டும் பாடிவிட்டேன். தை பிறந்த பின் எனக்கு எழுதப்பட்ட முதல் தேதியில், அதாவது ஒப்பந்தமான முதல் நாடகத்தில், இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடந்த வள்ளி திருமணத்தில், மங்களம் பாடும்வரை மேடையில் நின்றேன். அந்த ஒப்பனையைக் கலைத்துச் சில நாட்களே ஆகியிருப்பதால், சொல்ல வந்தவை சற்று முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆயினும் எல்லோருக்கும் முன்பாக ஒருவரைப் பற்றி எழுதியாக வேண்டும். தம் பெயரை வெளியிடக் கூடாது என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதால், ஆர்மோனிய அண்ணன் என்றே அவரைக் குறிப்பிடுகிறேன். நம் வட்டாரத்தில் ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவர்கள் பலர் இருப்பதால் யாரென்று தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. உங்களில் பாதிப்பேர் இந்த வரியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள் என்பது என்னுடைய நம்பிக்கை.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையும் இல்லை, இயக்குநரும் இல்லை என்பது நமக்குப் பழகிப்போன செய்தி என்றாலும், புதிய ரசிகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்து நூறாண்டு கடந்துவிட்டது. இன்றும் அவர் எழுதி வைத்துப்போன பாட்டையும் வசனத்தையும் நம்பித்தான் முன்பின் அறியாத கலைஞர்கள் ஒரே மேடையில் ஏறுகிறோம். நாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், சிரிக்க வைக்கும் பபூன் வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே தேதி எழுதப்பட்டு வந்து சேர்ந்து, அன்று மாலை ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். ஆகவே எவர் குரல் எந்த இடத்தில் தளர்கிறது, எந்தப் பாட்டைச் சுருக்க வேண்டும், எதை நீட்ட வேண்டும் என்பதையெல்லாம் அந்த நேரத்திலேயே அறிந்து நாடகத்தை நடத்திச் செல்கிறவர் ஆர்மோனியக்காரர்தான். அவர் மனம் வைத்தால் ஒருத்தியைத் தூக்கி நிறுத்தலாம். மனம் கோணினால் அதே மேடையில் அவளைத் திணற அடிக்கவும் செய்யலாம். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

வள்ளி வேடம் ஏற்ற காலத்திலிருந்து நான் ஐந்தரைக் கட்டையில் பாடி வந்தவள். கட்டை என்பது பாடும் சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; எண் ஏறினால் குரலும் ஏற வேண்டும். நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் அதைக் குறிக்கும் அடைமொழி ஒன்றும் அச்சாகும். சிகிச்சை முடிந்து, இனிப் பாடலாம் என்று மருத்துவர் சொன்னபோது, எந்த உயரம்வரை பாடலாம் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் பாடிப் பார்த்ததில், மேல் ஸட்ஜமத்தைத் தாண்டியதும் குரலில் காற்று கலந்தது. என் தங்கையைத் தவிர ஒருவரும் அதை அறியார் என்றே எண்ணியிருந்தேன். ஆர்மோனிய அண்ணன் தேதியை உறுதிசெய்வதற்காகத் தொலைபேசியில் அழைத்து, வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். அப்போது அவர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பின்னால்தான் எனக்கு விளங்கியது.

வள்ளி திரைக்கு உள்ளிருந்தபடியே முதல் அடியைப் பாடிவிட்டுத்தான் சபைக்கு வருவாள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முறை அந்தத் திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். இம்முறை கைகள் சில்லிட்டுப் போயிருந்தன. அப்போது பெட்டியிலிருந்து சுருதி எழுந்தது. அது ஐந்தரை அன்று, நாலரை. காதில் விழுந்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பாடியே பழகியவளுக்கு அது தெரியாமல் போகாது. அந்தச் சுருதியில் என் குரல் எங்கும் இடறாமல் நின்றது. முதல் அடியை முழு மூச்சோடு பாடிக்கொண்டு மேடைக்கு வந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு கட்டை இறங்குவது கேட்பவர்களுக்குச் சிறிய செய்தி. வாசிப்பவருக்கு அப்படியல்ல. வள்ளியின் பாட்டுகள் அனைத்தையும் பல்லாண்டுகளாக ஐந்தரையில் வைத்தே எனக்கு வாசித்துப் பழகிய விரல்களை, ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு சங்கதியிலும் பெட்டியின் வேறு கட்டைகளுக்கு மாற்றிப் போட வேண்டும். காலால் மிதித்து வாசிக்கும் அந்தப் பழைய பெட்டியில், விசையை நகர்த்திச் சுருதியை மாற்றிக்கொள்ளும் வசதி கிடையாது. விடியும்வரை ஒரு ஸ்வரம் பிசகாமல் அதைச் செய்தார். அது மட்டுமன்றி, நாலரையிலும் எனக்கு எட்டாத இடங்கள் சரணங்களில் வந்தபோதெல்லாம், நான் மூச்செடுப்பதற்கு முன்பே பின்பாட்டாக அந்த அடியைத் தாம் எடுத்துக்கொண்டார். பின்பாட்டுப் பாடுவது நம் மேடையின் வழக்கமே என்பதால் சபையில் ஒருவருக்கும் ஐயம் தோன்றவில்லை. என் பாட்டு அவர் தொண்டை வழியாக மேலேறி, மீண்டும் என்னிடம் இறங்கி வந்து முடிந்தது.

விடிந்த பின், ஊர்க்கோடி டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன்: "ஏண்ணே கட்டையைக் குறைச்சு வச்சீங்க?"

"அஞ்சரையில ரீடு ஒண்ணு இரையுது தாயி. பெட்டி பழசாப் போச்சுல்ல. ஒனக்கு எதும் சங்கடமாப் போச்சோ?" என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

மிருதங்கத்தைப் பார்க்காதிருந்தால் அதை நான் நம்பியிருப்பேன். ஒரே மிருதங்கத்தை நினைத்த கட்டைக்கெல்லாம் இழுத்துச் சேர்த்துவிட முடியாது. மிருதங்கத் தம்பியோ ஐந்தரைக்குச் சேர்க்கும் சிறிய மிருதங்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, தக்கு சுருதிக்கான, அதாவது தாழ்ந்த சுருதிக்கான, பெரிய மிருதங்கத்தைப் பேருந்தில் சுமந்துகொண்டு வந்திருந்தார். ஆக, இருவரும் முன்கூட்டியே கலந்து பேசித்தான் வந்திருக்கிறார்கள். அடுத்த நாளே வேறோர் ஊரில் வேறொரு ஸ்திரீபார்ட்டுக்கு அதே பெட்டியில் அண்ணன் ஐந்தரையில் வாசித்தார் என்றும் கேள்விப்பட்டேன். ரீடு மாற்றும் செலவை நான் ஏற்கிறேன் என்று தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். "அது தானாச் சரியாப்போச்சு தாயி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பேசவே கூடாது என்று மருத்துவர் விதித்திருந்த வாரங்களில், கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரைப் பற்றித்தான் மிகுதியாக எண்ணிக்கொண்டிருந்தேன். இசை நாடக மேடையில் நிற்கும் எந்தப் பெண்ணும் அம்மையாரை எண்ணாமல் இருக்க முடியாது. அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் நாம் அவருடைய உச்ச ஸ்தாயியையே பேசுவோம். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டிய அந்தக் குரலை வியப்போம். இப்போது எனக்கு வேறொன்று அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1908இல் பிறந்து, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, இலங்கையில் செங்கோட்டை கிட்டப்பாவோடு மேடையில் இணைந்து, 1927இல் அவரை மணந்தவர் அம்மையார். வள்ளியும் முருகனுமாக அந்த இருவரையும் தமிழ்நாடு கொண்டாடியது. கிட்டப்பா 1933 டிசம்பரில், முப்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்தார். அதன் பிறகு அம்மையார் வெள்ளுடை தரித்தார். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார்.

வள்ளியாகப் பெயர் பெற்ற ஒருத்திக்கு அந்த உறுதி, தொழிலையே மூட்டை கட்டி வைப்பதற்குச் சமம் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். அவரோ 1935இல் நந்தனார் என்ற ஆண் வேடத்தில், அந்நாளில் எவரும் கேட்டிராத ஒரு லட்ச ரூபாய் ஊதியத்துக்குத் திரையில் தோன்றினார். 1951இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். 1953இல் ஔவையாராக வந்தார். இன்றும் ஔவை என்றதும் பலருக்கு அவர் முகமே நினைவில் எழுகிறது. 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். போன வேடத்தைத் துரத்திக்கொண்டு ஓடாமல், தம்மிடம் மிஞ்சியிருந்ததை வைத்துக்கொண்டு வேறு வேடம் கட்டினார் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்தத் துயரத்தோடு என் தொண்டை நோயை ஒப்பிடும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் மைக் வந்து தலைமுறைகள் பல கடந்த பின்னும், ஒரு பெண்ணின் பாட்டைக் கட்டையை வைத்தே நம் மேடை அளந்துகொண்டிருப்பது சரியில்லை என்று சொல்லும் தைரியம் எனக்கு அம்மையாரிடமிருந்துதான் வந்தது.

இனி மற்றவர்களுக்கு. என் தேதிகளில் எனக்குப் பதிலாகச் சென்று நடித்த தங்கைமார், "அடுத்த வருசம் இந்தத் தேதியை அக்காவுக்கே எழுதணும்" என்று ஊர்க் கமிட்டியாரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு தேதிக்காக எத்தனை மனக்கசப்பு வரும் என்பதை அறிந்த நம் தொழிலில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கே தெரியும். அன்று நாரதராக வந்த அண்ணன், தர்க்கத்தில் பாட்டுக்குப் பாட்டு என்று ஏற வேண்டிய இடங்களை வசனத்துக்குத் திருப்பிவிட்டு, கைதட்டலை எனக்கு விட்டுக்கொடுத்தார். மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்டிய நாடகச் சங்கத்தார், செல்பேசி வழியாகத் தொகை அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாமல் இருந்த ரசிகர்கள், என் தொண்டையைக் காத்த மருத்துவரும் குரல் பயிற்சி அளித்த அம்மையாரும், காசு வாங்க மறுத்த ஒப்பனைக்காரர், நான் வாய் திறவாத நாட்களில் என் சைகைகளை வீட்டாருக்கு விளக்கியே களைத்துப்போன என் தங்கை, இவர்கள் அனைவருக்கும் தலை வணங்குகிறேன். ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுதக் கடன்பட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூற விரும்புகிறேன். இனி என்னோடு மேடையேறும் எந்தப் பெண்ணின் குரலோ பையனின் குரலோ தளர்வதை உணர்ந்தால், பெட்டியின் பக்கம் திரும்பி, "எனக்கு ஏற வரவில்லை, கட்டையைக் குறைத்து வையுங்கள்" என்று நானே கேட்பேன். ஊர் என்னைப் பற்றி என்ன பேசினாலும் பேசட்டும். அதற்கொரு பொய் சொல்லத்தான் வேண்டுமென்றால், அண்ணனிடம் பாடம் கேட்டாயிற்று.

திரட்டிய பணத்தில் மிஞ்சியதைச் சங்கத்திலேயே திருப்பிச் செலுத்திவிட்டேன். அடுத்து நோயுறும் கலைஞர் யாராக இருந்தாலும், என்னைக் கேட்காமல் அதை எடுத்துப் பயன்படுத்தலாம்.

பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களுக்குத் தேதி எழுதத் தொடங்கியிருக்கிறேன். அழைக்கும் கமிட்டியாரும் ஏஜெண்டுகளும் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்: நான் பாடுவது நாலரைக் கட்டையில், நோட்டீசில் பழைய அடைமொழியை எடுத்துவிட்டு வெறும் பெயரைப் போட்டால் போதும், வள்ளிக்கு அழைத்தாலும் வருவேன், அரிச்சந்திரன் நாடகத்துச் சந்திரமதிக்கு அழைத்தாலும் வருவேன்.

நன்றியுடன்,
உங்கள் ஸ்திரீபார்ட்,
மதுரை.