அந்தச் சிவப்புப் பாத்திரத்தைக் கெடுத்தது நான்தான்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று வீடியோவில் மூன்று கொக்கோத்தை, அதான் அந்த எனாமல் பூசிய கனமான இரும்புப் பாத்திரத்தை, காட்டி "எந்தக் கலர்மா வாங்கட்டும்"னு கேட்டாயே, அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உன் பிரசவத்துக்குப் பிரான்ஸில் உன் ஊர் லீலுக்கு வந்திருந்தபோது, வத்தக்குழம்பு அடிப்பிடித்த பதற்றத்தில் அந்தச் சிவப்புப் பாத்திரத்தைச் சுடச்சுடக் குழாயடியில் காட்டிவிட்டேன். டக்கென்று ஒரு சத்தம். அடியில் நகக்கண் அளவுக்கு எனாமல் பெயர்ந்து இரும்பு கருப்பாகத் தெரிந்தது. நீ பார்த்துவிட்டு "மலிவில வாங்கினதும்மா, விடு" என்றாய், நானும் விட்டுவிட்டேன்.

பாதித் தப்பு அந்தப் பாத்திரத்தின் மேலும் உண்டு. மூடி வைத்தால் ஒரு பக்கம் ஆடும், விளிம்பில் பூச்சு திட்டுத்திட்டாக இருக்கும். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிதானே, திடீரென்று குளிர்ந்தால் இரண்டும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நல்ல பாத்திரம் கொஞ்சம் தாங்கும், அதையும் சோதித்துப் பார்க்காதே. ஆற விட்டுக் கழுவு, வெறுமனே அடுப்பில் காய வைக்காதே, தாளிக்க எண்ணெய் ஊற்றிவிட்டு மிதமான தீ வை.

கலரை விடு, உள்ளே பார். கடையில் மூடியைத் திறந்து உள்பக்கம் முழுக்க விரலால் தடவு. குழியோ கொப்புளமோ தட்டுப்பட்டால் வேண்டாம். மூடியைத் தட்டிப் பார், ஆடக்கூடாது. காது இரண்டும் கைத்துணியோடு பிடிக்கிற அளவு அகலமாக இருக்கணும். நீ அதிலேயே ரொட்டி சுடுகிறாய், அதனால் மூடிக் குமிழ் உலோகமாக இருக்கட்டும்.

கம்பெனி என்று பார்த்தால், லெ க்ரூசேவை 1925 முதல் உங்கள் வடக்குப் பக்கம் ஃப்ரெனுவா ஊரில் செய்கிறார்கள், உள்ளே வெளிர் நிறம். ஸ்டௌப் பிரான்ஸின் கிழக்கே அல்சாஸில் தொடங்கிய கம்பெனி, உள்ளே கருப்பு. கருப்பில் கறை தெரியாது, ஆனால் வெங்காயம் பொன்னிறமா கருகலா என்பதும் தெரியாது, உன் பொறுமைக்கு வெளிர்தான் சரி. மஞ்சள் கறை படிந்தால் சோடா மாவு போட்டுக் கொதிக்க வை. வெறும் இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு கருத்துப்போகுமே, இதில் அந்தக் கவலை இல்லை.

மூன்று பேருக்கு 24 சென்டிமீட்டர் போதும். மாப்பிள்ளை 26 என்பார், அது குழம்போடு சேர்ந்தால் உன் மணிக்கட்டு சொல்லும். கடையிலேயே மூடியோடு தூக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது, அவசரம் இல்லையென்றால் ஜனவரித் தள்ளுபடி விற்பனை, உங்கள் சோல்ட், வரை பொறு.

அப்புறம், அந்தச் சிவப்பில் இனி சமைக்காதே, பெயர்ந்த சில்லு குழந்தை சோற்றில் கிடந்தால்? மாப்பிள்ளையிடம் மட்டும் நான் உடைத்ததைச் சொல்லாதே, கண்ணு.

அம்மா