மொரார்ஜி ஒழிக!

புதுச்சேரி

அன்புள்ள செல்வம்,

முட்டி வலி தேவலையா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் நரையைக் கண்டுபிடித்து வருத்தப்படுகிறாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்துக்கு மகள் ஒரு புத்தகம் கொடுத்தாள். மர்ஜான் சத்ரபியின் 'பெர்சபொலிஸ்'. பிரெஞ்சில் 2000 முதல் 2003 வரை நான்கு பாகமாக வந்த, தன் சின்ன வயதைத் தானே வரைந்த கறுப்பு வெள்ளைப் படக்கதை. படக்கதைதானே என்று புரட்ட ஆரம்பித்தேன்; நர்ஸ் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

சத்ரபியும் நம் செட்டுதான், 1969-இல் பிறந்தவர். ஈரான் புரட்சியின்போது டெஹ்ரானில் சின்னப் பெண். 1980-இல் பள்ளியில் முக்காடு கட்டாயம் என்கிறார்கள்; பிள்ளைகள் அதையே கயிறாக்கித் தாண்டி விளையாடுகிறார்கள்.

தன்னை நல்ல பிள்ளையாக வரைந்துகொள்ளவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. ஈரான் மன்னர் ஷாவின் ரகசியப் போலீஸில் இருந்த ஒருவரின் மகனை அடிக்க, விரலிடுக்கில் ஆணி செருகிக்கொண்டு கூட்டாளிகளோடு கிளம்புகிறாள். அம்மாதான் தடுக்கிறாள். ஈராக் போர் வந்ததும் ஏழைப் பையன்களுக்குப் பொன்வண்ணம் பூசிய பிளாஸ்டிக் சாவி கொடுக்கிறார்கள், செத்தால் சொர்க்கம் திறக்குமாம். ஒரு பக்கத்தில் மேலே, கழுத்தில் அந்தச் சாவியோடு கண்ணிவெடியில் தூக்கி எறியப்படும் பையன்களின் கரிய உருவங்கள். கீழே, ஓட்டை ஓட்டையான ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இவள் பார்ட்டியில் ஆடுகிறாள். அந்தப் பக்கத்திலேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். அவள் படிக்க வியன்னா போன பிறகு வருவது எனக்குக் கொஞ்சம் இழுவை.

1979 ஜனவரி நினைவிருக்கிறதா? ஷா ஈரானை விட்டு ஓடிய அதே மாதம்தான் இங்கே இணைப்பு எதிர்ப்புப் போராட்டம். புதுச்சேரியைப் பக்கத்து மாநிலத்தோடு சேர்க்கலாம் என்று அப்போதைய பிரதமர் மொரார்ஜி தேசாய் சொல்லப்போக, ஊரே கொதித்தது. நமக்கோ பள்ளிக்கூடம் இல்லாத கொண்டாட்டம். மொரார்ஜி யாரென்று தெரியாமலே ஒழிக போட்டோம். தமிழ்நாட்டில் அப்போது மதுவிலக்கு அல்லவா, "சேத்துட்டா கடையெல்லாம் மூடிடுவானுங்களேடா" என்று உன் மாமா திண்ணையில் உட்கார்ந்து புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. (நீ கடலூரில் வீடு கட்டி, தன்னந்தனியாக இணைந்துவிட்டாய். அது வேறு கதை.)

இதை நீ வரையேன். கணக்கு வாத்தியாரை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து உதை வாங்கியவன் நீ. தலைவர்கள், தேதிகள் எதுவும் வேண்டாம், மாமாவிலிருந்து தொடங்கு. நாம் ஒழிக போட்டதையும் மறைக்காதே.

புத்தகத்தைத் தம்பி மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். பிரெஞ்சு மறந்துவிட்டது என்று சாக்குச் சொல்லாதே, படம் பார்த்தாலே பாதி புரியும். மகள் திருப்பிக் கேட்பாள். பஜ்ஜி தின்ற கையோடு தொடாதே.

அன்புடன்,
ரவி