சூதாட்டத்தை 'விளையாட்டு' என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரம்மி செயலியில் பணத்தை விட்டுக் கடனில் மூழ்கிய ஓர் இளைஞரைப் பற்றிப் போன வாரம் செய்தி வெளியிட்டிருந்தீர்கள். படித்து மனசு கனத்துப்போனது. ஆனால் தலைப்பில் 'ஆன்லைன் விளையாட்டு' என்று போட்டிருந்தீர்கள். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறேன். பகலில் உடன்குடியில் வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் வேலை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் இது. ஒன்றரை வருடமாகிறது. செல்போனில் ஆடும் புதிர்தான். அதில் வரும் உயிருக்குக் கை, கால், எலும்பு எதுவும் கிடையாது. குழைவான திரவம், அதற்கு இரண்டு கண்கள், அவ்வளவுதான். விரலால் அழுத்தினால் அந்த இடம் உள்வாங்கும், உள்வாங்கிய அளவு இன்னொரு பக்கம் பிதுங்கும். இப்படி அழுத்தி அழுத்தியே அதை நீட்டிப் பாலமாக்கலாம், ஒடுக்கிச் சந்துக்குள் நுழைக்கலாம், வளைத்துக் கொக்கியாக்கித் தொங்கவிடலாம். பெயர் 'பாகு'.

பெயரும் யோசனையும் ஆச்சியிடமிருந்து வந்தவை. சின்ன வயதில் கோடை லீவுக்கு, ஆச்சி கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில்தான் கிடப்பேன். பதநீர் கொதித்து வற்ற வற்ற நிறம் மாறும், நுரை கனக்கும், கடைசியில் துடுப்போடு ஒட்டிக்கொண்டு இழுபடும். ஆச்சி ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். கரைந்தால் இன்னும் எரிக்க வேண்டும். உருண்டால் பதம். அதற்கப்புறம் யாரும் பேச மாட்டார்கள். மணலில் வரிசையாக வைத்த சிரட்டைகளில் சட்டென்று ஊற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் சட்டியிலேயே இறுகிவிடும். என் விளையாட்டின் முடிச்சும் இதுதான். பாகு சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். இளகியிருக்கும்போது வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவந்து, இறுகிய பிறகு அதைச் சாவியாகவோ படியாகவோ பயன்படுத்த வேண்டும். தப்பாக இறுகிவிட்டால் பாதகமில்லை, அடுப்புப் பக்கம் உருட்டிக்கொண்டுபோய் மறுபடி இளக்கிக்கொள்ளலாம்.

செய்வது அத்தனை சுலபமாக இல்லை. கணினியில் திரவத்தை அசைக்க ஒரு வழி, அதை ஏராளமான துகள்களாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளை எவ்வளவு நெட்டுகிறது என்று நொடிக்குப் பல முறை கணக்குப் போடுவது. 1977-ல் விண்மீன்களை ஆராய்ந்த லூசி என்பவரும், கிங்கோல்டு, மோனகன் இருவரும் தனித்தனியாகக் கண்ட முறை இது. நட்சத்திரத்துக்காகப் போட்ட கணக்கு ஆச்சியின் பாகுக்கும் பொருந்தும் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் 2,000 துகள் வைத்தேன். அப்பாவின் பழைய போனில் ஓட்டிப் பார்த்தால் போன் கொதித்தது, படம் திக்கித் திக்கி நகர்ந்தது. 380 ஆகக் குறைத்தேன். இப்போது ஓடியது, ஆனால் அழுத்தினால் துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பாகு சிறுத்துப்போனது. விரலை எடுத்ததும் பட்டாசு மாதிரி சிதறியது. துகள்களின் விசையைக் கணக்கிடுவதை விட்டுவிட்டு, அவை நிற்கும் இடத்தையே நேரடியாகத் திருத்தும் முறைக்கு மாறினேன். மேக்லின், முல்லர் என்ற இருவர் 2013-ல் வெளியிட்ட முறை அது. அதற்குப் பிறகுதான் அளவு கூடாமல் குறையாமல் நின்றது. இந்த ஒன்றுக்கே நான்கு மாதம் போனது. ஆனால் அதை விட்டுக்கொடுக்க முடியாது. நீட்டினால் மெலியும், குவித்தால் தடிக்கும் என்று ஆடுகிறவர் நம்ப முடிந்தால்தான் புதிரை யோசிக்கவே முடியும்.

அப்புறம் விரல். பாகைத் தொட்டால் பாகே விரலுக்கு அடியில் மறைந்துவிடுகிறது! எதை வடிக்கிறோம் என்று தெரியாமல் எப்படி வடிப்பது? இப்போது விரல் வைத்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே குழி விழும்படி மாற்றியிருக்கிறேன். பழக ஒரு நிமிடம் ஆகிறது, அப்புறம் யாரும் கேட்பதில்லை.

பக்கத்து வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். ஒரு கட்டத்தில் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தியாக வேண்டும். பாகை நீளமாக இழுத்து இரண்டின் மீதும் படுக்க வைப்பதுதான் நான் நினைத்திருந்த விடை. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு விரலை நடுவில் வைத்து அகட்டினாள். பாகு இரண்டாகப் பிய்ந்து ஆளுக்கொரு பொத்தானில் உட்கார்ந்தது. கண்கள் எந்தத் துண்டோடு போவது என்று தெரியாமல் நடுவில் அந்தரத்தில் நின்றன. "அக்கா, கண்ணு ரெண்டும் பெரிய துண்டுக்குத்தான் போகணும்" என்றாள். அப்படியே செய்துவிட்டேன். பிய்ப்பதை வைத்தே இன்னும் ஆறு கட்டங்கள் கட்டியிருக்கிறேன்.

உலகத்தில் இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 2004-ல் வந்த 'கிஷ்' விளையாட்டின் நாயகன் ஒரு தார் உருண்டை. 2008-ல் இரண்டே பேர் நடத்திய நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்டு ஆஃப் கூ', அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஆளுக்கொரு விளையாட்டை ஏழு நாளுக்குள் செய்து பார்த்த முயற்சியில் முளைத்தது. 2015-ல் வந்த 'மஷ்ரூம் 11'-ல் ஓர் உயிரின் உடலை ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கம் வளரும், அழித்தே அதை நடத்திச் செல்ல வேண்டும். இதையெல்லாம் ஆடிப் பார்த்துத்தான் எனக்கும் துணிச்சல் வந்தது.

ஆனால் நம் ஊரில் 'மொபைல் விளையாட்டு செய்கிறேன்' என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். போன மாதம் சித்தி வந்திருந்தார். அம்மா பெருமையாகச் சொல்லப்போக, சித்தியின் முகம் மாறிவிட்டது. "எத்தனை பிள்ளைகள் அதனால செத்துப்போகுதுன்னு பேப்பர்ல வருதே, உனக்கு ஏம்மா இந்தப் பாவம்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படித்ததைத்தானே கேட்டார்? என் பாகில் பணம் கட்ட வழியே இல்லை, வாங்க நாணயமும் இல்லை, விளம்பரமும் இல்லை என்று அன்றைக்கு அரைமணி நேரம் விளக்கினேன். முழுசாக நம்பினாரா என்று தெரியவில்லை.

தமிழ்நாடு அரசு 2022-ல் கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்வது தனியாகவும், இணையவழி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்துவது தனியாகவும் இருக்கிறது. 2025-ல் வந்த மத்தியச் சட்டமும் பணம் கட்டி ஆடுவதைத் தனியாகப் பிரித்துத்தான் தடை செய்கிறது. சட்டம் பிரித்துச் சொல்வதைச் செய்தித் தலைப்பு ஒன்றாக்க வேண்டாமே.

பணம் வைத்து ஆடி நொடித்துப்போனவர்களின் செய்தியைக் கட்டாயம் போடுங்கள், இன்னும் பெரிதாகவே போடுங்கள். ஆனால் அங்கே 'சூதாட்டம்' என்றே எழுதுங்கள். அதற்கும் ஐந்தெழுத்துதான், 'விளையாட்டு' என்பதற்கும் ஐந்தெழுத்துதான், தலைப்பில் கூடுதல் இடம் பிடிக்காது. சித்தி வீட்டுக்கும் உங்கள் நாளிதழ்தான் வருகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உடன்குடி.