காயம் ஆறும்வரை: கனடியக் கால்பந்து லீக்குக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையர் ஸ்டூவர்ட் ஜோன்ஸ்டன் அவர்களுக்கும், ஒன்பது அணிகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

2025 செப்டெம்பரில் நீங்கள் வெளியிட்ட விதி மாற்றங்களை நானும் வாசித்தேன். 2027 முதல் களம் 110 யார்டிலிருந்து 100 யார்டாகச் சுருங்குமாம். கோல் கம்பங்கள் பின்னுக்குப் போகுமாம். களத்தின் இரு முனையிலும் புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் ஸோன் 20 யார்டிலிருந்து 15 ஆகுமாம். உதையில் கிடைக்கும் ஒற்றைப் புள்ளியான ரூஜுக்கும் ஆட்டக் கடிகாரத்துக்கும் அதற்கு முன்பே, 2026-இலேயே மாற்றம். எல்லாம் ரசிகர்களுக்காக என்றீர்கள். பந்தைக் கையில் ஏந்தி, கவசத்தோடு மோதி ஆடும் இந்தக் கனடியக் கால்பந்தின் ரசிகர்களில் நானும் ஒருவன்தான். எங்கள் ரொறன்ரோ அணியான ஆர்கோனாட்ஸின் ஆட்டத்துக்குக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, பி.எம்.ஓ. மைதானத்தில் ஏரிக்காற்றில் விறைத்துக்கொண்டு உட்காருகிறவன். அந்தக் கம்பம் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் எனக்கு ஒன்றுதான். அறிவிப்பை இரண்டு தரம் வாசித்தும், அடிபட்டுக் களத்தை விட்டுப் போனவர்களைப் பற்றி ஒரு வரியும் கண்ணில் படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கேட்பது ஒன்றுதான். உங்கள் ஆட்டத்தில் ஒருவருக்குக் காயம் வந்தால், அந்தக் காயம் ஆறும்வரை வைத்தியச் செலவை நீங்கள் பார்க்க வேண்டும். இத்தனை மாதம் என்று கெடு வைக்காமல்.

ஜொனதன் ஹெஃப்னியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவிலிருந்து வந்து 2009-இல் வினிபெக் அணியில் தடுப்பாட்ட வீரராகச் சேர்ந்தவர். 2011-இல் லீக்கின் இறுதிப் போட்டியான கிரே கிண்ணம்வரை போன அந்த வினிபெக் தடுப்பு வரிசையை, அது தனக்குத் தானே சூட்டிக்கொண்ட 'ஸ்வாகர்வில்' என்ற பட்டத்தை, எந்தப் பழைய ரசிகரும் மறக்கமாட்டார். நீங்களும் அந்தப் பெயரை வைத்து நன்றாகவே விளம்பரம் செய்தீர்கள். 2015 ஒக்டோபரில், மொன்றியல் அணிக்காக ஒட்டாவாவில் ஆடிக்கொண்டிருந்தபோது ஒரு மோதல். கழுத்து எலும்பில் முறிவு, நரம்புகள் சேதம், ஒரு கை செயலற்றுப் போனது. அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின. அப்போதிருந்த ஒப்பந்தப்படி அணி வைத்தியச் செலவைப் பார்க்க வேண்டிய காலம் 12 மாதம். அது முடிந்ததும் பணமும் நின்றது. கைக்கு இன்னும் சிகிச்சை தேவைப்பட்டது.

இந்தப் 12 மாதக் கணக்கை யார் போட்டார்களோ தெரியாது. நரம்பு வைத்தியர் யாரும் பக்கத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை. அறுந்த நரம்பு திரும்ப வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். வளர்ந்த ஒரு மனிதனின் கழுத்திலிருந்து விரல் நுனிவரை முக்கால் மீற்றருக்குக் குறையாது. எல்லாம் நல்லபடியாக நடந்தாலே, ஒருநாளும் தவறாமல் வளர்ந்தாலே, விரலை எட்ட இரண்டு வருடத்துக்கு மேலாகும். நடைமுறையில் அப்படி ஒழுங்காக வளர்வதும் இல்லை. நீங்கள் கொடுத்த 12 மாதத்தில் அது முழங்கையை எட்டியிருந்தாலே பெரிய காரியம். இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் லீக்கில் பாதிக்குப் பாதி பேர் அமெரிக்கர். அடிபட்டு ஊர் திரும்பியவருக்குக் கனடாவின் பொது மருத்துவம் கிடையாது. அந்த நாட்டு ஆஸ்பத்திரிப் பில் எப்படி வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ததையும் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. 2017-இல் பருவ நடுவே கவசம் போட்டு மோதும் பயிற்சியை நிறுத்தினீர்கள். 2019 ஒப்பந்தத்தில் வைத்தியச் செலவு பார்க்கும் காலத்தை ஒரு வருடத்திலிருந்து மூன்றாக்கினீர்கள், 2022-இலும் பேசி இன்னும் கொஞ்சம் நீட்டினீர்கள். நன்றி. ஆனால் கெடு கெடுதான். கையோ கழுத்தோ முழங்காலோ கூட்டு ஒப்பந்தத்தின் தேதியைப் பார்த்து ஆறுவதில்லை.

சரி, அப்படியானால் நீதிமன்றம் போகலாமே என்பார்கள் சிலர். போனார் ஒருவர். ஆர்லண்ட் புரூஸ், இரண்டு கிரே கிண்ணம் வென்றவர். 2011 இறுதியில் அதே வினிபெக்கை வென்ற பி.சி. லயன்ஸ் அணியில் இருந்தவர். 2012-இல் தலையில் அடிபட்டு, முழுதாகத் தேறுமுன் திரும்பக் களத்தில் இறக்கப்பட்டேன் என்று 2014-இல் வழக்குப் போட்டார். பிரிட்டிஷ் கொலம்பியா நீதிமன்றங்கள் அவரது முறைப்பாடு சரியா பிழையா என்று பார்க்கவே இல்லை. நீர் தொழிற்சங்க ஒப்பந்தத்துக்குக் கீழே வருகிறவர், மத்தியஸ்தத்துக்குப் போம் என்று அனுப்பிவிட்டன. 2018 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டைக் கேட்கவும் மறுத்தது.

இப்போது என் பக்கத்துக் கதை கொஞ்சம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் ஆக்களில் பலர் தொழிற்சாலைகளில் நின்று உழைத்தவர்கள். மெஷினில் விரல் அகப்பட்டால் என்ன படிவம் நிரப்ப வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்பது ஆங்கிலம் சரியாக வராத பெரியவர்களுக்கும் தெரியும். வேலையில் காயப்பட்டவருக்கு இழப்பீடு தரும் ஒன்ராறியோச் சபையின் பெயரான 'டபிள்யூ.எஸ்.ஐ.பி.' எங்கள் வீடுகளில் தமிழ்ச் சொல் மாதிரித்தான். அதன் அடிப்படை 1913-இல் நீதிபதி வில்லியம் மெரிடித் ஒன்ராறியோவுக்குக் கொடுத்த அறிக்கை. தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார். பதிலுக்கு, யார் பிழை என்று கேட்காமல் அவருக்கு இழப்பீடும் வைத்தியமும் கிடைக்கும். கொடுக்கல் வாங்கல் நேரானது.

உங்கள் வீரர்களுக்கோ வழக்குப் போடும் வழியும் அடைபட்டது, இழப்பீட்டுச் சபையும் இல்லை. பெரும்பாலான மாகாணங்களில் தொழில்முறை விளையாட்டு வீரர்களை இந்தத் திட்டத்துக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். ஹெஃப்னி ஆடிய கியூபெக்கில், விளையாட்டே பிரதான வருமானம் என்றால் நீர் தொழிலாளியே அல்ல என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கோடீஸ்வர ஹொக்கி வீரரை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் போல. எழுபதாயிரம் டொலர் அளவில் சம்பளம் எடுத்து, பருவம் முடிந்ததும் வேறு வேலை தேடுகிற, முன்வரிசையில் நின்று மோதும் லைன்மேனும் அதே வலையில் சிக்கிக்கொண்டார். பயிற்சி முகாமில் ஒரு காலை கூப்பிட்டு, லொக்கரைக் காலி செய் என்றால் அவர் போக வேண்டும். அப்போது மட்டும் முழுத் தொழிலாளி.

தலை அடியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. பொபி குன்ட்ஸ், ஜே ரொபர்ட்ஸ் ஆகிய பழைய வீரர்கள் இறந்தபின் அவர்களின் மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்ததை ரொறன்ரோ மருத்துவர்கள் கண்டறிந்து 2011-இலேயே அறிவித்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 2016 கிரே கிண்ண வாரத்தில், அன்றைய ஆணையர் அதெல்லாம் இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம் என்றார். கோல் கம்பம் பின்னால் இருப்பது நல்லதா என்பதில் மட்டும் உங்களுக்கு எந்த விவாதமும் தேவைப்படவில்லை. ஆணையர் அவர்களே, நீங்கள் தொலைக்காட்சித் துறையிலிருந்து வந்தவர். களம் சுருங்கினால் திரையில் எப்படித் தெரியும் என்று எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடிபட்டவர் ஸ்ட்ரெச்சரில் போனதும் கேமரா விளம்பரத்துக்குத் திரும்பிவிடும் என்பதும் தெரியும். சரி, இதற்கு மேல் போனால் மடல் சண்டையாகிவிடும்.

பணிவாகவே கேட்கிறேன். கம்பத்தை நகர்த்தப் பணம் இருக்கிறது என்றால், காயத்துக்கும் இருக்க வேண்டும். 2022-இல் போட்டது ஏழு வருட ஒப்பந்தம் என்று காரணம் சொல்ல வேண்டாம். வீரர்கள் சங்கம் இந்த மாற்றத்தை வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆட்டத்தில் வந்த காயத்துக்கு, அது ஆறும்வரை, வீரர் எந்த நாட்டில் இருந்தாலும், செலவு லீக்கினுடையது என்று ஒரு பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாகாணத் தொழில் அமைச்சர்களிடம் போய், எங்கள் வீரர்களையும் இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வீரர் சங்கத்தோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். பிரிமியம் கட்ட வேண்டிவரும் என்பது உண்மைதான். ஒன்ராறியோவில் எங்கள் ஆக்கள் வேலை செய்த சின்னச் சின்னத் தொழிற்சாலைகளும் அதைக் கட்டித்தான் நடந்தன.

2026 பருவம் தொடங்குவதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். இந்த மடலுக்குத் தனியே பதில் வேண்டாம். வீரர்கள் சங்கத்துக்கு எழுதினால் போதும்.

மரியாதையுடன்,
ரொறன்ரோவிலிருந்து ஓர் ஆர்கோனாட்ஸ் ரசிகன்