செயலாளரின் ஆண்டறிக்கை: நீச்சல் தடாகத்தின் கூரை

அன்பான குடியிருப்பாளர்களுக்கு வணக்கம்.

கடந்த ஆண்டில் நமது சங்கத்தின் நிர்வாகக் குழு எட்டு முறை கூடியது. தைப்பொங்கல் விழா வழமைபோல் கீழ்மாடி மண்டபத்தில் நடந்தது. நிலத்தடித் தரிப்பிடத்தின் விளக்குகள் மாற்றப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். மற்றபடி கூட்டங்களில் பெரும்பாலும் நாங்கள் பேசியது ஒரே விடயம்தான். மார்ச்சில் மூடிய நீச்சல் தடாகம் இன்னும் திறக்கப்படவில்லை. முழங்கால் நோவுக்காகக் காலையில் தண்ணீருக்குள் நடந்த அம்மாமாரும், நீச்சல் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகளும் என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறார்கள். அவர்களுக்கு விளக்கமாகச் சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு.

மார்ச் மாதம், கடுங்குளிர் விட்டு வெயில் எறித்த ஒரு காலையில், தடாகத்தின் வடக்குச் சுவரோரம் மேலிருந்து தண்ணீர் சொட்டியது. கீழே ஓடுகளில் துருநிறக் கறை. அந்தக் கிழமை முழுக்க ஒரு துளி மழை இல்லை. முந்தைய இரண்டு வசந்தகாலங்களிலும் இப்படித்தான் சொட்டியது. கூரை ஒழுகுகிறது என்று ஆட்களைக் கூப்பிட்டோம். வந்தார்கள், தார் பூசினார்கள், காசு வாங்கிப் போனார்கள். அடுத்த மார்ச்சில் மறுபடியும் சொட்டியது.

இந்த முறை கட்டட உறை, அதாவது வெளிச்சுவர், கூரை பற்றித் தெரிந்த பொறியியலாளர் ஒருவரை அமர்த்தினோம். அவர் கூரையின் மேல் ஒரு சதுரத்தை வெட்டித் திறந்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். மேற்படலம் நல்ல நிலையில் இருந்தது, ஓர் ஓட்டை இல்லை. அதற்குக் கீழே குளிரைத் தடுக்கப் போட்டிருந்த இன்சுலேஷனை எடுத்து அவர் கையால் பிழிய, தண்ணீர் வடிந்தது. அந்தத் தண்ணீர் வானத்திலிருந்து வந்ததல்ல. நமது தடாகத்திலிருந்து வந்தது.

குளிர்காலத்தில் புட்டு அவிக்கும்போது குசினி யன்னலில் நீர் வடிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். குளிர்காலத்தில் நமது வீட்டுக் காற்று 20 பாகை, ஈரப்பதன் 30 வீதம் என்றால், அது ஏறக்குறைய 2 பாகைக்குக் குளிர்ந்த பொருளில் பட்டால்தான் நீராகப் படியும். தடாக மண்டபத்தில் காற்று 28 பாகை, ஈரப்பதன் 55 வீதம். அந்தக் காற்று 18 பாகையிலேயே நீராகிவிடும். வெளியே சைபருக்குக் கீழே 15 பாகை இருக்கும் ஜனவரியில், கூரைக்குள் புகும் காற்று வழியிலேயே நீராகி, மேலே போய் உறைகிறது. குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த அந்த ஐஸ் மார்ச் வெயிலில் உருகிக் கீழே வருகிறது. மழையில்லாத நாளில் கூரை ஒழுகிய காரணம் இதுதான்.

சரி, காற்று எப்படி உள்ளே போனது? கூரையின் உட்புறத்தில் நீராவித் தடுப்புப் படலம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சுவரைத் தொடுவதற்கு நாலு விரல் முன்னால் அது நின்றுவிட்டது. பொறியியலாளர் அந்த இடத்தில் சிறிய புகைக்குழல் ஒன்றைப் பிடித்தார். புகை ஒரு கணம் தயங்கி, கூரையின் அடியிலுள்ள நெளிதகட்டின் (அலைபோல் மடித்த உலோகத் தகடு) குழிக்குள் நேராக இழுபட்டுப் போனது. படலத்தை ஊடுருவிப் போகும் ஈரத்தைவிட, இப்படி இடைவெளியால் ஓடும் காற்று கொண்டுபோகும் ஈரம் பல மடங்கு. மேல்விளக்குகளுக்காக வெட்டிய ஒவ்வொரு துளையும் இன்னொரு வாசல்.

எங்கள் குழுவின் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது. மின்கட்டணம் குறையட்டும் என்று ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை இரவில் நிறுத்திவைக்கச் சம்மதித்தோம். ஆட்கள் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. வெளியே ஆகக் குளிரான நேரத்தில் மண்டபம் ஆக ஈரமாக இருந்தது. அந்த முடிவை ஏப்ரலில் ரத்துச் செய்தோம். இனி இயந்திரம் இரவும் பகலும் ஓடும், தண்ணீரை இரவில் விரிப்பால் மூடுவோம்.

"சொட்டினால் சொட்டட்டும், வாளி வைத்துவிட்டுத் திறங்கள்" என்று சிலர் சொன்னார்கள். 1985 மே மாதம் சுவிற்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில் ஒரு உள்ளக நீச்சல் தடாகத்தின் தொங்குகூரை (கூரைக்குக் கீழே கம்பிகளில் தொங்கும் உட்கூரை) இடிந்து விழுந்து 12 பேர் இறந்தார்கள். கட்டி 13 ஆண்டுகள்தான். கூரையைத் தாங்கிய துருப்பிடிக்காத உருக்குக் கம்பிகளைக் குளோரைட் கலந்த ஈரம் அரித்து, உள்ளுக்குள்ளே வெடிப்பு விழவைத்திருந்தது. நமது மண்டபத்திலும் தொங்குகூரை இருக்கிறது. அதன் கம்பிகள் சிலவற்றில் துரு ஏறியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் குளிக்கும் இடத்துக்கு மேல் அதை விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. மூடச் சொன்னது நான்தான்; அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

திருத்த வேலை இப்படி: தொங்குகூரை கழற்றப்படும், திரும்பப் போடப்படாது. நெளிதகடு பூச்சுப் பூசி வெளியே தெரியும்படி விடப்படும். துரு வந்தால் யாரும் அண்ணாந்து பார்த்தே சொல்லலாம். தகட்டின் மேல் ஒட்டும் படலம் விரித்து, அதைச் சுவரின் படலத்தோடு இடைவெளியில்லாமல் இணைப்பார்கள். நெளிகளின் குழிகளைச் சுவரோரம் அடைப்பார்கள். அதற்கு மேலே இன்சுலேஷன், அப்புறம் புதிய மேற்படலம். விளக்குகள் துளையின்றிச் சுவரில் வரும். இன்சுலேஷன் போடுவதற்கு முன் புகைச் சோதனை நடக்கவேண்டும், அதில் தேறாமல் மூடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

இன்னுமொன்று. மண்டபத்தில் வெளியேற்றும் காற்று உள்ளே விடும் காற்றைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்படி விசிறிகள் சரிசெய்யப்படும். அப்போதுதான் ஈரக்காற்று கூரைக்குள்ளும் நடைபாதைக்குள்ளும் தள்ளப்படாது. நடைபாதைக் கதவுக்குச் செருப்பு முட்டுக்கொடுத்துத் திறந்துவைத்தால் அந்த ஏற்பாடு வீணாகிவிடும். தயவுசெய்து பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இந்த வேலைக்கு ஒதுக்கு நிதியிலிருந்து பணம் எடுக்கப் பணிப்பாளர் சபையைக் கேட்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வைக்கப்படுகிறது. பொறியியலாளரின் அறிக்கையும் படங்களும் வாசல் மேசையில் இருக்கின்றன. வாக்களிக்கும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நன்றி.

செயலாளர்,
குடியிருப்பாளர் சங்கம், ஸ்காபரோ