அந்த சைலன்சரை வாங்காதே

அன்புள்ள குமார்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு லீட்ஸில் இடம் கிடைத்த சேதி கேட்டு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அவருடைய முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி, காலமான கணவரின் சாமான்களில் கிடந்த, துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சரை உன் ஏர்கன்னுக்கு (காற்றுத் துப்பாக்கி) தருகிறேன் என்றாராம். வேண்டாம்டா, வாங்காதே.

இங்கிலாந்தில் அது வெறும் உதிரி பாகம் இல்லை. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, சுடும்போது வரும் சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கச் செய்த கருவியையும் துப்பாக்கி என்றே கணக்கில் வைக்கிறது. குறிபார்க்கும் தொலைநோக்கி, தோள்வார் இவற்றுக்கு அந்தத் தொல்லை கிடையாது. போலீஸ் தரும் துப்பாக்கி சர்டிபிகேட் இல்லாமல் சைலன்சர் வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை.

குறைந்த சக்தி ஏர்கன்னுக்கென்றே செய்த சைலன்சருக்கு சர்டிபிகேட் தேவையில்லை, உண்மைதான். ஆனால் பாட்டியின் கணவர் முயல் சுட .22 ரைஃபிள் வைத்திருந்தவர் என்கிறாய். அந்த ரைஃபிளுக்கான சைலன்சராக இருந்தால், ஏர்கன்னில்தான் மாட்டினேன் என்று சொல்லித் தப்பலாம் என நம்பாதே.

தெரியாது என்பதும் கைகொடுக்காது. 1977இல் ஹாவெல்ஸ் வழக்கில், பழங்காலத் துப்பாக்கி என்று மனதார நம்பி வைத்திருந்தவர், அது புதிதாகச் செய்த நகல் என்பதால் மாட்டிக்கொண்டார். 2007இல் டெயெமி வழக்கில், மின்னதிர்ச்சிக் கருவியை டார்ச் என்று நினைத்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. ஆயுதம் கண்டவர் கையில் திரியக்கூடாது என்ற அக்கறை எனக்கும் உண்டு. ஆனாலும் ஏமாந்தவனைக் குற்றவாளி ஆக்குவது நியாயமாகவே படவில்லை. நீதிபதி தண்டனையைக் குறைக்கலாம், குற்றப் பதிவு போகாதே! சைலன்சரோ தனியாகச் சுட முடியாத, சுடுபவரின் காதைக் காக்கிற பொருள். இந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடலாமா என்று அரசே 2025இல் கருத்துக் கேட்டது. சட்டம் மாறி நடைமுறைக்கு வரும்வரை பழையதுதான் செல்லும்.

அப்புறம், பாட்டியும் பத்திரமாக இருக்க வேண்டும். 101க்குப் போன் செய்து போலீசிடம் விவரம் சொல்லச் சொல். தானே எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டாம். ரைஃபிளும் அங்கேயே இருந்தால், விற்கும்வரை வைத்திருக்க அதே சட்டத்தின் 7ஆம் பிரிவில் போலீஸ் அனுமதி கேட்கலாம். நீ கூட இருந்து பேச உதவி செய்.

பேசி முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுது.

உன்,
சேகர்