வாலைப் பிடித்துத் தூக்காதே

குன்னூர்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மூன்று நாளாக விடாத மழை. அம்மா நடுராத்திரியில் எழுந்து, பின்பக்கத் தடுப்புச் சுவரை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறாள். 2009 நவம்பரில் மண் சரிந்ததிலிருந்தே இப்படித்தான், உனக்குத் தெரியாததா.

"எனக்கும் அம்மாவோட பதற்ற ஜீன்தான்பா, ஒண்ணும் பண்ண முடியாது" என்று போனில் சொன்னாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. நீ அனுப்பிய 2006ஆம் வருஷத்துக் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். பி.டி.என்.எஃப். என்கிற ஜீன், மூளை செல்லுக்கு எரு மாதிரி ஒரு புரதம் செய்கிறது. அதில் 66ஆவது இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் என்ற இன்னொன்று. மனிதரில் பலருக்கும் இருக்கிற இந்த மாற்றத்தை எலிக்குள் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் அந்த மாற்றம் உள்ள எலி, நெருக்கடியான இடத்தில் விட்டால் அதிகமாக மிரள்கிறது. புதுக் கூண்டில் இனிப்புப் பாலைக்கூடத் தொடத் தயங்குகிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருகிற ஃப்ளுவாக்ஸெட்டின் மருந்தைக் கொடுத்தும் தணியவில்லை. இந்த வரியில்தானே நீ பயந்துபோனாய்?

அதற்கு அடுத்ததைப் பார். எந்த இடத்தில் ஷாக் அடித்தது என்பது அந்த எலிக்கு அவ்வளவாக ஞாபகம் நிற்பதில்லையாம். உன் அம்மாவோ எந்தக் கல் முதலில் உருண்டது, அப்போது அடுப்பில் என்ன கொதித்தது என்பதுவரை சொல்வாள். இது எப்படி அதே எலியாகும்? டாக்டர் சிரிப்பார், சிரிக்கட்டும். ஆனால் எலிக்குக் கேட்காத மருந்து உனக்கும் கேட்காது என்று அதில் எங்கும் எழுதவில்லை. டாக்டரிடம் போவதை மட்டும் நிறுத்தாதே.

எலியைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். இன்ஸ்டிட்யூட்டில் ஆராய்ச்சி எலிகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸில் இருபத்தெட்டு வருஷம் கூண்டு கழுவியவன். எல்லாம் ஒரே வம்சத்து எலிகள். ஒரு ஆள் வாலைப் பிடித்துத் தூக்குவான். அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே மூலைக்கு ஓடும். நான் இரண்டு கையையும் குவித்து ஏந்துவேன். தானாக ஏறி வரும். 2010இல் இதையே ஆராய்ச்சியாகச் செய்து, கையில் ஏந்தினால் பதற்றம் குறைகிறது என்று காட்டினார்கள் என்று நீதான் வந்து சொன்னாய். அன்றைக்கு நான் எவ்வளவு பீற்றிக்கொண்டேன்!

மெஸ் சாப்பாடு இறங்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். பெங்களூர் பஸ்ஸில் வர்க்கி ஒரு கிலோ கொடுத்தனுப்புகிறேன். அறைத் தோழிக்கும் கொடு.

அப்பா